நால்வரும் வால் சீட்டும்: தீக்குச்சி வைத்துக் கற்ற டபுள் டபுள் போனஸ் போக்கர்

“இன்னா மச்சான், அந்த மிசின்ல நாலு ஆஸ் வந்தா ஒண்ணுக்கு நானூறாமே?” என்று மாமா கேட்டது ஒரு சித்திரை மதியம். குடியாத்தத்தில் அந்த மாதம் அந்த நேரத்தில் தெருவில் நாய்கூட நடக்காது. கரண்ட் வேறு போயிருந்தது. அக்கா திண்ணையில் ஈரத் துணி விரித்துப் படுத்திருந்தாள். மாமா பனியனைக் கழற்றிப் போட்டுவிட்டு விசிறியும் கையுமாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கேள்விக்குக் காரணம் உண்டு. சிங்கப்பூரில் இருக்கும் அவர்கள் மகள், அப்பா அம்மாவுக்கு மூன்று இரவு சொகுசுக் கப்பல் பயணத்துக்கு டிக்கெட் போட்டிருந்தாள். ஊர்த் திருவிழாவான கெங்கையம்மன் சிரசு முடிந்த கையோடு புறப்பாடு. கப்பலில் கேசினோ உண்டு, அதில் போக்கர் ஆடும் சீட்டு மிஷின் உண்டு என்று யாரோ காதில் ஓதிவிட்டார்கள். நான் ஏழு வருடம் அப்படி ஒரு கப்பலில் அந்த மிஷின்களைப் பழுது பார்த்தவன். இப்போது காட்பாடியில் ஃபிரிட்ஜ், ஏசி ரிப்பேர். மாமா ரம்மியில் புலி. ஆனால் ரம்மிப் புலிதான் இந்த மிஷினிடம் முதலில் மாட்டும். ரம்மியில் எதிராளியின் முகத்தைப் பார்த்து ஆடலாம். இங்கே எதிராளியே கிடையாது. மிஷினை ஏமாற்றவும் முடியாது, மிரட்டவும் முடியாது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதை ஃபோனில் பணம் கட்டி ஆடிப் பார்க்கலாமா என்று என்னிடம் வராதீர்கள். தமிழ்நாட்டில் 2022-இலேயே ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் வந்தது. 2025-இல் மத்திய அரசும் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகள் மொத்தத்துக்கும் தடை போட்டது. பழகுவதற்கு ஒரு சீட்டுக்கட்டும் கொஞ்சம் தீக்குச்சியும் போதும். எங்கள் ஊர் தீப்பெட்டிக்குப் பேர் போன ஊர். மாமா கடையில் தீப்பெட்டிக்கா பஞ்சம்?

கட்டிலிருந்து ஜோக்கர்களை எடுத்து அப்பால் வையுங்கள். ஐம்பத்திரண்டு சீட்டு, ஒரே கட்டு. நன்றாகக் கலைத்து ஐந்து சீட்டை முகம் தெரியப் போடுங்கள். அதில் வேண்டியதை வைத்துக்கொண்டு வேண்டாததைத் தள்ளலாம். ஒன்றும் தள்ளாமல் இருக்கலாம், ஐந்தையும் தள்ளலாம். தள்ளிய எண்ணிக்கைக்குக் கட்டின் மேலிருந்து புதுச் சீட்டு வரும். ஒரே ஒரு முறைதான். அதன்பின் கையில் இருக்கும் ஐந்து சீட்டுக்கு அட்டவணைப்படி கூலி. ஆட்டம் முடிந்தது. சீட்டை மொத்தமாகச் சேர்த்து, மறுபடி கலைத்து, அடுத்த ஆட்டம். மிஷினிலும் இவ்வளவுதான். டீல் பட்டனை அழுத்தினால் ஐந்து சீட்டு. ஒவ்வொரு சீட்டுக்கும் கீழே ஹோல்ட் பட்டன். வைத்துக்கொள்ள வேண்டியதற்கு மட்டும் அதை அழுத்திவிட்டு டிரா அழுத்த வேண்டும். மாமா முதல் நாள் தள்ள வேண்டிய சீட்டைத் தொட்டுத் தொட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பழக்கத்தோடு மிஷினில் உட்கார்ந்தால் நல்ல சீட்டெல்லாம் போய்விடும்.

இந்த ஆட்டத்தின் தாய் மிஷின் பழசு. 1979 வாக்கில் அமெரிக்காவில் சை ரெட் என்பவரின் கம்பெனி சந்தைக்குக் கொண்டுவந்தது. அந்த வழியில் வந்த தாய் ஆட்டத்தில் ஜாக்கி ஜோடியிலிருந்து கூலி தொடங்கும். பெயரே ‘ஜாக்ஸ் ஆர் பெட்டர்’. அதன் வயிற்றில் பிறந்த போனஸ் பிள்ளைகளில் ஜனங்கள் அதிகம் விழுந்து கிடப்பது டபுள் டபுள் போனஸ். ஒரே எண் நாலும் சேர்ந்து வந்தால் அள்ளிக் கொடுக்கும் ஆட்டம். இங்கிலீஷ் பெயர் மாமாவின் வாயில் நுழையவில்லை. நாலும் சேர்ந்து வந்தால் ‘நால்வர்’ என்று பெயர் வைத்துவிட்டார். தேவார நால்வரைக் கும்பிடும் வீடு, வேறென்ன வைப்பார்? நால்வருக்குப் பக்கத்தில் நிற்கும் ஐந்தாவது சீட்டைக் கிக்கர் என்பார்கள். அதற்கு ‘வால்’ என்று நான் பெயர் வைத்தேன்.

காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக் கொடுத்த அட்டவணை இது. ஒரு குச்சி வைத்தால் எத்தனை குச்சி வரும் என்று கணக்கு.

ஜாக்கி, ராணி, ராஜா, ஆஸ் இவற்றில் ஒரு ஜோடி: 1
இரண்டு ஜோடி: 1
ஒரே எண் மூன்று: 3
ஸ்ட்ரெய்ட், அதாவது வரிசையாக ஐந்து: 4
ஃபிளஷ், அதாவது ஒரே இனம் ஐந்து: 6
ஃபுல் ஹவுஸ், அதாவது மூன்றும் ஒரு ஜோடியும்: 9
5 முதல் ராஜா வரை எதிலாவது நால்வர்: 50
ஸ்ட்ரெய்ட் ஃபிளஷ், அதாவது ஒரே இனத்தில் வரிசையாக ஐந்து: 50
2, 3, 4 இவற்றில் நால்வர்: 80
அதே நால்வர், வாலாக ஆஸ், 2, 3, 4 இவற்றில் ஒன்று: 160
நாலு ஆஸ்: 160
நாலு ஆஸ், வாலாக 2, 3, 4 இவற்றில் ஒன்று: 400
ராயல் ஃபிளஷ், அதாவது ஒரே இனத்தில் பத்து முதல் ஆஸ் வரை: 250

ஒன்று வரும் என்றால் லாபம் இல்லை, வைத்த குச்சி திரும்புகிறது, அவ்வளவே. ராயலுக்கு மட்டும் ஒரு தனிக் கணக்கு. ஒன்று முதல் நாலு காசு வரை வைத்தால் காசுக்கு 250. ஐந்தாவது காசையும் வைத்துவிட்டால் மொத்தம் 4,000, அதாவது காசுக்கு 800. ராயல் சுமார் நாற்பதாயிரம் ஆட்டத்துக்கு ஒரு முறைதான் வரும் என்றாலும், இந்த வித்தியாசம் நூற்றுக்கு ஒன்றே கால் காசுக்கு மேல் பிடிக்கும். ஆகவே ஐந்து காசு வைத்து ஆடுங்கள். கைக்கு அதிகமாகத் தெரிந்தால் சின்னக் காசு மிஷினுக்கு மாறுங்கள், அங்கே ஐந்தாக வையுங்கள்.

ஐந்து குச்சி வைத்து நாலு ஆஸும் வாலும் வந்தால் 2,000 குச்சி. பெட்டிக்கு நாற்பது குச்சி என்று வைத்தால் ஐம்பது பெட்டி. மாமாவின் கண் அங்கேயே நின்றுவிட்டது. “அவ்ளோ எங்கிருந்துடா கொடுக்கிறான்?” என்றார். அவர் கேட்ட நூறு கேள்வியில் சரியான கேள்வி அது ஒன்றுதான்.

இரண்டு ஜோடிக்கு என்ன கூலி என்று மறுபடி பாருங்கள். தாய் ஆட்டத்தில் அதற்கு 2. இங்கே 1. பார்த்தால் அற்பம். ஆனால் சரியாக ஆடினால் எட்டு ஆட்டத்துக்கு ஒரு முறை இரண்டு ஜோடி வந்து விழும். ஆயிரம் ஆட்டத்தில் சுமார் 123 முறை. முறைக்கு ஒரு குச்சி உருவினாலும் 123 குச்சி போயிற்று. தாய் ஆட்டத்தில் எந்த நால்வருக்கும் 25தான். இங்கே 50, 80, 160, 400 என்று ஏற்றிக் கொடுப்பது இந்த 123-ஐ வைத்துத்தான். ஏற்றிக் கொடுப்பதையெல்லாம் ஆயிரம் ஆட்டத்துக்குச் சராசரி போட்டால் ஏறக்குறைய அதே அளவு வரும். அன்றாடம் சில்லறையாகக் கிடைத்துக்கொண்டிருந்ததைப் பிடித்து வைத்து, என்றோ ஒரு நாள் ஒருத்தனுக்குச் சீட்டுப் பணம் போல மொத்தமாகத் தருகிறான். மாமா ஏலச்சீட்டு பிடித்தவர், உடனே புரிந்துவிட்டது. ஒரு வித்தியாசம் சொன்னேன்: ஏலச்சீட்டில் உங்கள் முறை நிச்சயம் வரும், இதில் வரும் என்று எழுதிக் கொடுக்க ஆள் இல்லை.

தாய் ஆட்டத்தின் நல்ல மிஷினில் பிசகாமல் ஆடினால் நூறு காசுக்கு 99.54 காசு திரும்பும். மேலே எழுதிய அட்டவணைக்கு 98.98. பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் இது நீண்ட கால சராசரி. நால்வர், ஸ்ட்ரெய்ட் ஃபிளஷ், ராயல் எதுவும் தலைகாட்டாத ஒரு மாலையை எடுத்துக்கொள்ளுங்கள். தாய் ஆட்டத்தில் அப்போதும் நூற்றுக்கு 91 திரும்பும். டபுள் டபுள் போனஸில் 78தான். நால்வர் எந்த எண்ணில் வந்தாலும் சரி என்றாலும் சுமார் 420 ஆட்டத்துக்கு ஒரு முறைதான். வாலோடு ஆஸ் நால்வர் பதினாறாயிரம் ஆட்டத்துக்கு ஒரு முறை.

அன்று மாலை கரண்ட் வந்த பிறகும் விடாமல் இருநூறு ஆட்டம் போட்டோம். ஆயிரம் குச்சி வைத்தோம், திரும்பியது 785. நால்வர் ஒருமுறைகூட வரவில்லை. சீட்டுக்கட்டில் ஏதோ கோளாறு என்று மாமா சீட்டை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார். ஐம்பத்திரண்டு சரியாக இருந்தது.

சரி, எதை வைப்பது, எதைத் தள்ளுவது? விஷயம் இங்கேதான் இருக்கிறது. அதிலும் ஆஸ் விஷயத்தில்தான் ரம்மிக்காரர் புத்தி தடுமாறும்.

கையில் மூன்று ஆஸ், ஒரு 3, ஒரு 9 வந்திருக்கிறது என்று வையுங்கள். 3 என்பது வால். மூன்று ஆஸோடு வாலையும் வைத்துக்கொண்டு ஒரே சீட்டு இழுத்தால் நானூறு கிடைக்குமே என்று தோன்றும். மாமாவும் அப்படித்தான் செய்தார். கணக்கைப் பாருங்கள். மீதி 47 சீட்டு. வாலைப் பிடித்துக்கொண்டு ஒன்று இழுத்தால் ஆஸ் ஒன்றுதான் பாக்கி, அதற்கு 400. இன்னொரு 3 வர மூன்று வழி, அப்போது ஃபுல் ஹவுஸ் 9. மற்ற 43 சீட்டுக்கும் மூன்று ஆஸுக்கான 3. கூட்டினால் 400, 27, 129, மொத்தம் 556. 47-ஆல் வகுத்தால் சராசரி 11.83. வாலையும் தள்ளிவிட்டு இரண்டு சீட்டு இழுத்தால் 1,081 விதமாக இரண்டு சீட்டு வரலாம். அதில் 46 விதத்தில் நாலாவது ஆஸ் இருக்கும். அந்த 46-இல் 11 விதத்தில் வாலும் கூடவே வந்துவிடும். ஃபுல் ஹவுஸ் 66 விதம். மீதி 969-க்கு மூன்று மூன்று. எல்லாம் கூட்டி வகுத்தால் 12.49. ஆகவே வாலைத் தள்ளு. ஆஸைத் தேட இரண்டு சீட்டு கிடைப்பது, கையில் இருக்கும் வாலைவிடப் பெரிய வரம்.

அடுத்தது வயிற்றைக் கலக்கும் விஷயம். மூன்று ஆஸ், இரண்டு ராஜா. முடிந்த ஃபுல் ஹவுஸ், 9 நிச்சயம். அதைப் பிரிக்க வேண்டும். ராஜா இரண்டையும் தள்ளிவிட்டு மூன்று ஆஸை மட்டும் வைத்தால் சராசரி 12.72 வருகிறது. பத்து முறை பிரித்தால் பெரும்பாலும் வெறும் 3தான் கைக்கு வரும், மனசு கசக்கும். கணக்கு மட்டும் மாறாது. இதை நான் சொன்னபோது மாமா சீட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார். ஆஸுக்கு மட்டும்தான் இந்த வழக்கம். மூன்று 2, இரண்டு ராஜா என்றால் பிரித்தால் 7.54தான். அப்போது ஃபுல் ஹவுஸை அப்படியே வைத்து 9 வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டு ஜோடியில் ஒன்று ஆஸாக இருந்தால்? ஆஸ் இரண்டு, 7 இரண்டு, ஒரு உதிரி. இரண்டு ஜோடியையும் வைத்து ஒன்று இழுத்தால் சராசரி 1.68. ஆஸ் ஜோடியை மட்டும் வைத்து மூன்று இழுத்தால் 1.93. ஆகவே ஏழுகளைத் தள்ளு. ராஜா ஜோடியும் 7 ஜோடியும் என்றால் இரண்டையும் வை. தனி ராஜா ஜோடிக்கு 1.45க்கு மேல் வராது.

இன்னொன்று, நான் கண்ணால் பார்த்தது. கப்பலில் ஒரு நாள் ராத்திரி ஒரு மிஷினில் பட்டன் பல்பு மாற்றிக்கொண்டிருந்தேன். பக்கத்து மிஷினில் ஒரு வயதான அம்மா. டீல் போட்டதுமே நாலு ஆஸும் ஒரு 9-உம். அந்த அம்மா சந்தோஷத்தில் ஐந்தையும் ஹோல்ட் பண்ணி டிராவை அழுத்திவிட்டார். 160 வந்தது, கைதட்டினார். நால்வர் கையில் வந்துவிட்டால் 160 யாராலும் பறிக்க முடியாதது. அந்த 9-ஐத் தள்ளினால் 47 சீட்டில் 12 வால் காத்திருக்கிறது. கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு. வந்தால் 400, வராவிட்டால் அதே 160. நட்டம் என்ற பேச்சே இல்லாத இழுப்பு அது. ஆடுபவருக்கு நாங்கள் வாய் திறக்கக் கூடாது என்பது வேலை விதி. பல்பைத் திருகிக்கொண்டே நின்றேன். இன்றுவரை அந்த 9 என் கண்ணில் நிற்கிறது. 2, 3, 4 நால்வருக்கும் இதே கதைதான். அங்கே வால் வந்தால் 80 இரட்டித்து 160.

மற்றக் கைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ராயலுக்கு நாலு சீட்டு கையில் இருந்தால், அதாவது ஆட்டின் ஆஸ், ராஜா, ராணி, ஜாக்கி என்பதுபோல, முடிந்த ஃபிளஷ் ஆனாலும் உடைத்து அந்த நாலை வையுங்கள். ஐந்து காசு வைத்திருந்தால் அந்த ஒரு பத்துக்கு மட்டுமே சராசரி 17 கிடைக்கிறது, ஃபிளஷுக்கு 6தான். ஜாக்கியிலோ அதற்கு மேலோ ஜோடி இருந்தால், நாலு ஒரே இனம் சேர்ந்திருந்தாலும் ஜோடியை வையுங்கள். ஜோடி பத்தோ அதற்குக் கீழேயோ என்றால் ஒரே இனத்து நாலை வையுங்கள். வரிசையில் நாலு, இரண்டு முனையும் திறந்து, 6-7-8-9 போல இருந்தால் எட்டுச் சீட்டு உதவும், சராசரி 0.68. சின்ன ஜோடிக்கு 0.73. ஆகவே ஜோடி. நடுவில் ஓட்டை விழுந்த வரிசையை ரம்மிக்காரர்கள் உயிரைக் கொடுத்து நிரப்பப் பார்ப்பார்கள். இங்கே அவ்வளவு வேண்டாம், எண் சீட்டாக இருந்தால் வைக்க வேறெதுவும் இல்லாத கையில் மட்டும் அதற்குப் போங்கள். ஒன்றுமே தேறாத கையில் ஐந்தையும் தள்ளுவதற்குக் கூச்சப்படக் கூடாது. மாமாவுக்குக் கடைசிவரை கூச்சம் போகவில்லை, ஒரு ராணியையாவது கௌரவத்துக்கு வைத்துக்கொள்வார். ராணி விஷயத்தில் அவர் செய்வது தற்செயலாகச் சரிதான். ஜோடி சேர்ந்தால் கூலி உள்ள சீட்டு அது.

இதெல்லாம் கற்றுக்கொண்டு தப்பான மிஷினில் உட்கார்ந்தால் எல்லாம் பாலாற்றில் விட்ட தண்ணீர். ஒரே பெயர், ஒரே படம், ஒரே இசை. அட்டவணை மட்டும் வேறு. பார்க்க வேண்டியது இரண்டே வரி: ஃபுல் ஹவுஸுக்கு எவ்வளவு, ஃபிளஷுக்கு எவ்வளவு. ஒரு காசுக்கான கூலி வரிசையைப் பாருங்கள். 9-உம் 6-உம் இருந்தால் 98.98. 9, 5 என்றால் 97.87. 8, 5 என்றால் 96.79. 7, 5 என்றால் 95.71. 6, 5 என்றால் 94.66. ஒவ்வொரு படி இறங்கும்போதும் ஒரு காசுக்கு மேல் போகிறது. மேலே நாலு ஆஸுக்கு 400, 2,000 என்று கண்ணைப் பறிக்கும் எழுத்தில் எல்லா மிஷினிலும் ஒரே மாதிரி இருக்கும். நடுவில்தான் கத்தி. நான் வேலை செய்த கப்பலில் 9, 6 மிஷின் ஒன்றுகூட இல்லை. 7, 5 நாலு இருந்தன, மற்றதெல்லாம் 6, 5. அட்டவணையில் ஒரு எண்ணை மாற்ற மிஷினைத் திறந்து கோளாறு எதுவும் செய்யத் தேவையில்லை. சீட்டுக் கலைப்பு நியாயமாகவே இருக்கும், கூலிதான் குறையும்.

சீட்டுக் கலைப்பு நியாயமா என்று எல்லோரும் கேட்பார்கள். அமெரிக்காவில் நெவாடா மாநில விதிப்படி, சீட்டு காட்டும் மிஷினில் ஒவ்வொரு சீட்டும் நிஜக் கட்டில் வரும் அதே வாய்ப்போடு வர வேண்டும். அதனால்தான் நம் தீக்குச்சிக் கணக்கு மிஷினுக்கும் அப்படியே பொருந்துகிறது. உள்ளே எண்களை உருட்டும் நிரல் யாரும் ஆடாத நேரத்திலும் ஓடிக்கொண்டே இருக்கும். நேற்று நால்வர் கொடுத்ததா, ஒரு வாரமாகக் கொடுக்கவில்லையா என்பது அதற்கு நினைவில்லை. “இந்த மிசின் சூடா இருக்கு” என்று இடம் பிடிப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நான் தொட்டுப் பார்த்த வரையில் சூடாக இருந்தால் உள்ளே ஃபேனில் தூசி அடைத்திருக்கும்.

பணக்கணக்கை மாமாவுக்கு டாலரில் போட்டுக் காட்டினேன். கால் டாலர் மிஷின், ஐந்து காசு, ஆட்டத்துக்கு ஒன்றேகால் டாலர். பழகாதவர் மணிக்கு முந்நூறு ஆட்டம் ஆடுவார். அதாவது 375 டாலர் மிஷின் வழியாகப் போய் வருகிறது. கையில் ஐம்பது டாலர்தான் இருந்தால் எப்படி 375 என்று மாமா கேட்டார். ஜெயித்ததே திரும்பத் திரும்பப் பந்தயமாகப் போகிறது, பாவு ஓடுகிற மாதிரி. தறி போட்டவர், தலையாட்டினார். 9, 6 மிஷினில் அந்த 375-க்குச் சராசரி நட்டம் மணிக்கு நாலு டாலருக்கும் கீழே. 6, 5 மிஷினில் இருபது டாலர். அதுவும் பிசகில்லாமல் ஆடினால். சராசரி என்பதால் ஒரு மணி நேரத்தில் எண்பது போவதும் உண்டு. நால்வர் வராத மாலை எப்படி இருக்கும் என்றுதான் குச்சியில் பார்த்தோமே. மகள் கொடுக்கும் செலவுப் பணத்தில் ஒரு நாளைக்கு எவ்வளவு என்று அக்காவே முடிவு செய்துவிட்டாள், நாற்பது டாலர். கால் டாலர் மிஷினுக்கு அது முப்பத்திரண்டு ஆட்டம்தான். ஐந்து சென்ட் மிஷின் இருந்தால் அதில் உட்காரச் சொல்லியிருக்கிறேன், ஆனால் அட்டவணையைப் பார்த்த பிறகு.

சில மிஷினில் ஜெயித்ததும் இரட்டிப்பு வேண்டுமா என்று கேட்கும். சரி என்றால் ஒரு சீட்டு திறந்திருக்கும், நாலு சீட்டு மூடியிருக்கும். நாலில் ஒன்றைத் தொட வேண்டும். திறந்த சீட்டைவிடப் பெரிதாக வந்தால் ஜெயித்தது இரண்டு மடங்கு, சின்னதாக வந்தால் எல்லாம் போயிற்று, சமமாக வந்தால் இருந்தது இருக்கும். திறந்த சீட்டைப் பார்ப்பதற்கு முன்பே சரி சொல்லியாக வேண்டும், ஆகவே இதில் சாமர்த்தியம் எதுவும் இல்லை. இடது ஓரச் சீட்டு, வலது ஓரச் சீட்டு எல்லாம் ஒன்றுதான். விசித்திரம் என்னவென்றால், மொத்த மிஷினிலும் வீட்டுக்காரனுக்குக் கமிஷன் இல்லாத ஒரே பந்தயம் இதுதான். சரிபாதி. ஆனால் மூன்று முறை தொடர்ந்து ஜெயிக்க எட்டில் ஒரு வாய்ப்பு, மற்ற ஏழு முறையும் கை காலி. மாமா ஐந்து குச்சி ஜெயித்தால் இரட்டிப்புக்குப் போவார், நாற்பதைந்து ஜெயித்தால் போகமாட்டார். கணக்கில் இரண்டும் ஒன்றுதான் என்று சொல்ல வந்தேன், அப்புறம் விட்டுவிட்டேன். தூக்கம் கெடாத வழி அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அல்டிமேட் எக்ஸ் என்று இன்னொன்று. ஒரே நேரத்தில் பல கைகள் ஆடும் மிஷின். கைக்கு ஐந்துக்குப் பதில் பத்துக் காசு கேட்கும். கூடுதல் ஐந்துக்கு இந்த ஆட்டத்தில் ஒரு காசும் கிடைக்காது. ஜெயித்தால் அடுத்த ஆட்டத்தின் கூலிக்கு மடங்கு விழும், பன்னிரண்டு மடங்குவரை. அடுத்த ஆட்டம் ஆடாமல் எழுந்தால் வாங்கிய மடங்கு நட்டாற்றில். அதனால் எழுந்திருக்க மனம் வராது. மாமாவுக்கு இதைச் சொல்லித் தரவில்லை, அந்தப் பக்கமே போக வேண்டாம் என்று மட்டும் சொன்னேன்.

புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு கடைசியாக ஒரு பரீட்சை வைத்தேன். நானே சீட்டை அடுக்கி வைத்துப் போட்டேன்: மூன்று ஆஸ், இரண்டு 4. மாமா அரை நிமிடம் பார்த்தார். நாலுகள் இரண்டையும் தூக்கிப் போட்டார். இழுத்தது ஒரு ஜாக்கி, ஒரு 6. மூன்று குச்சிக் கூலி. ஐந்து மடங்கு பதினைந்து. “ஒம்பது போச்சேடா, நாப்பத்தஞ்சு குச்சி” என்று புலம்பினார். ஆனால் பிரித்தார். எனக்கு அது போதும்.

கப்பலிலிருந்து இறங்கும் விஷயம் ஒன்று பாக்கி. மிஷினில் எழும்போது கேஷ் அவுட் பட்டனை அழுத்தினால் காசு கொட்டாது, பஸ் டிக்கெட் மாதிரி ஒரு காகிதம் வரும். அதைக் கவுன்ட்டரில் கொடுத்தால்தான் பணம். கப்பல் துறைமுகத்தில் நிற்கும்போது கேசினோ பூட்டியிருக்கும். ஆகவே கடைசி ராத்திரியே மாற்றிவிட வேண்டும். சட்டைப் பையில் வைத்தபடி சட்டையைத் துவைக்கப் போட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். இதை மாமாவிடம் சொல்லவில்லை. அக்காவிடம் சொல்லியிருக்கிறேன். அவள் அதற்குள் திண்ணையிலிருந்த குச்சிகளையெல்லாம் பெட்டியில் அடைத்துக்கொண்டிருந்தாள், பாதிக் குச்சியின் மருந்து மாமா கை வியர்வையில் உதிர்ந்துவிட்டது என்று திட்டிக்கொண்டே.